எண்ணெய் போன வழி

என் வயதுக்காரர்களில் சிலருடைய வீட்டிலாவது ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் இருந்திருக்கும். காலையில் அது கிளம்புமா கிளம்பாதா என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்களுக்கு நினைவிருக்கும். ஸ்டார்ட் ஆகாத வண்டியை நம் அப்பாக்கள் திட்டுவதில்லை, வீட்டில் இருப்பவர்களைத்தான் திட்டுவார்கள். எங்கள் வீட்டில் அந்த வண்டியின் பிளக்கில் ஆரம்பித்த விவகாரம் ஒரு கோடையில் தொடங்கி ஐப்பசியில் முடிந்தது. முடிந்தது என்று சொல்வதும் சரியில்லை. போன மாதம்தான் அது முடிந்தது.

அப்போது ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் வாடகைக்கு இருந்தோம். அக்கம்பக்கம் எல்லாம் பட்டுத் தறி போட்ட வீடுகள். அப்பா வண்டியை உதைக்க ஆரம்பித்தால் முதல் ஐந்து உதைக்குத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பத்தாவது உதைக்குப் பக்கத்து வீட்டுத் தறி நிற்கும். இருபதாவது உதைக்குத் தெருவே நின்றுவிடும். தலைகள் எட்டிப் பார்க்கும். அப்பாவின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

அப்பா சுகாதார ஆய்வாளர். கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போடுவதும், காய்ச்சல் கண்டவர்களின் விரலில் குத்தி ரத்தம் எடுப்பதும், மாத்திரை கொடுப்பதும் அவர் வேலை. அவருக்குக் கொடுத்திருந்த ஊர்கள் படவேட்டுப் பக்கம், ஜவ்வாது மலையடியில். அதில் ஒன்று அவர் பிறந்த ஊர். அந்த ஊர்ப் பெரிய தெருக் கிணற்றில் எங்கள் தாத்தா தண்ணீர் இறைத்ததில்லை. யாராவது மனது வைத்து ஊற்றினால் குடத்தைத் தள்ளி வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே கிணற்றில் மாதம் ஒருமுறை அப்பா மருந்து போட்டார். மருந்து போட்டுவிட்டுப் பதிவேட்டில் அந்தத் தெருக்காரர்களிடமே கையெழுத்தும் வாங்கினார்.

காலனிக்குப் போக அந்தத் தெருவைத் தாண்டியாக வேண்டும். எங்கள் ஆட்கள் சைக்கிளில் வந்தாலும் தெருமுனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய், அடுத்த முனையில்தான் ஏறுவார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால் தானாக இறங்கிவிடும். அப்பாவின் கால் மட்டும் இறங்கவில்லை. வேலூரில் யாரோ வைத்திருந்த பழைய வண்டியை அவர் தேடிப்பிடித்து வாங்கியது அந்தத் தெருவில் இறங்காமல் போவதற்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு பக்கமும் சைலன்சர், பளபளக்கும் பெட்ரோல் டேங்க். கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்தபின் முன்னால் மடக்கினால் அதுவே கியர் போடும் கம்பி ஆகிவிடும். அந்த வித்தையைப் பார்க்கவே பிள்ளைகள் வருவார்கள்.

அந்தக் கோடையில் வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. ஒருமுறை சந்தவாசல் அருகே, ஒருமுறை ஆரணி பஸ் ஸ்டாண்டு வாசலில், பிறகு அந்தப் பெரிய தெருவிலேயே. அன்று அப்பா தெருவின் பாதியிலிருந்து முனைவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அம்மா ஏன் என்று கேட்டதற்கு வெயில் என்றார்.

காரணம், பெட்ரோலுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் முனை முழுக்கக் கறுப்பாக இருக்கும். பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் தேய்த்து, துடைத்துப் போட்டால் இரண்டு நாள் ஓடும். பிறகு மறுபடியும் அதே கதை. அந்த வண்டிகளுக்குப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும் இல்லையா, அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த பெரிய மெக்கானிக் கழற்றிப் பார்க்காமலே சொல்லிவிட்டார், ஆயில் ஜாஸ்தி ஊற்றுகிறீர்கள் என்று. அப்பா குறைத்தார். பிறகும் நின்றது. மெக்கானிக் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார், காற்று வடிகட்டியை மாற்றினார், பிளக்கையே மாற்றினார். கடைசியில் வண்டி ஓட்டும் விதமே சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினெட்டு. பிளஸ் டூவில் முதல் வகுப்பு. பாலிடெக்னிக் விண்ணப்பம் வாங்கி, பூர்த்தி செய்து, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். பார்க்கலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் ஏறக்குறைய சரி என்று அர்த்தம். கோடை முழுவதும் அவளுக்கு வேலை இல்லை. வண்டியோடு வந்த இங்கிலீஷ் கையேடு ஒன்று அப்பாவின் மேசையில் கிடந்தது. அட்டை போய், எண்ணெய்க் கறை படிந்து, ஓரங்கள் சுருண்டது. அதை எடுத்து, என் பள்ளி அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதைப் புத்தகம்போலப் படித்தாள்.

அப்பா மாலையில் வந்து குளித்துவிட்டு டீக்கடைக்குப் போவார். அந்த நேரத்தில் அக்கா பிளக்கைக் கழற்றுவாள். இன்ஜின் இன்னும் சூடாக இருக்கும். தாவணி முனையைச் சுற்றிப் பிடித்துக் கழற்றிக் கிணற்றடி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முனை காபித்தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. உலர்ந்த கரிபோலக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் இன்ஜின் சூடாகிறது. இதெல்லாம் அந்தக் கையேட்டில் இருந்தது. எங்கள் பிளக் எப்போதும் ஈரமாகக் கறுத்திருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். அக்கா அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பாள். என்னையும் முகரச் சொல்வாள். பெட்ரோல் வாசனை என்பேன். அவள் தலையாட்டமாட்டாள்.

தீர்ந்துபோன பிளக்குகளை அவள் எறியவில்லை. ஒவ்வொன்றையும் நாள்காட்டியில் கிழித்த தாளில் சுற்றி, அந்தத் தாளின் பின்பக்கத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன நிறம் என்று பென்சிலில் எழுதி, ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு வைத்தாள். அந்த டப்பாவைத் திறந்தால் வந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கருகிய எண்ணெயும் பழைய இரும்பும் கலந்த வாசனை.

ஒருநாள் அவள் இன்ஜின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னத் திருகைக் கழற்றினாள். கியர் பாக்ஸில் எண்ணெய் சரியான அளவு இருந்தால் அந்தத் துளை வழியே கொஞ்சம் வழிய வேண்டுமாம். ஒன்றும் வரவில்லை. மேலே மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டாள். நுனியில்தான் நனைந்தது. பதினைந்து நாளைக்கு முன்புதான் பெரிய மெக்கானிக் கியர் ஆயில் மாற்றியிருந்தார். பிறகு தரையில் குப்புறப் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். கை வைத்துத் தடவினாள். தரை உலர்ந்து கிடந்தது.

"கீழ ஒரு சொட்டு இல்ல. மேல கொறஞ்சிகினே போவுது. அப்ப எங்க போவுது?" என்றாள். என்னைக் கேட்கவில்லை, தன்னைத்தான் கேட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளே கண்டுபிடித்தாள். கியர் பாக்ஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. சீல் என்று பெயர். அது கெட்டுப்போனால் இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் கியர் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே உறிஞ்சிவிடும். அந்த எண்ணெய்தான் எரிந்து புகையாகிப் பிளக்கில் படிகிறது. பெட்ரோலில் எவ்வளவு குறைத்து ஊற்றினாலும் பிளக் கெடும். இதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. கியர் பாக்ஸ் ஒருநாள் வறண்டு போகும். ஓடும் வண்டியில் கியர் இறுகினால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

அப்பாவிடம் சொன்னாள். அப்பா கோபப்படவில்லை. பெருமையாகக்கூடச் சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மெக்கானிக்கிடம் போய், தன் மகள் இப்படிச் சொல்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்களாம். பெண் பிள்ளை பேச்சைக் கேட்டு இன்ஜினைப் பிரிக்கலாமா சார் என்று அந்த ஆள் கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வந்ததும், இனி வண்டியில் கை வைக்காதே என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சிரிப்பு ஒன்றைத்தான் அவரால் தாங்க முடியாது. வாழ்நாள் முழுவதும் அதிலிருந்து தப்பிப்பதற்காகவே படித்தவர் அவர்.

அக்கா கை வைப்பதை நிறுத்தவில்லை. ஒளித்துச் செய்ய ஆரம்பித்தாள்.

சேவூர் ரோட்டில் புளியமரத்துக்குக் கீழே ஒரு சின்ன மெக்கானிக் கடை இருந்தது. ஓலைச் சாய்ப்பு, மரக்கிளையில் தொங்கும் டயர், ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். கடைக்காரருக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். வேதக்காரர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை போட்டிருப்பார், குனிந்தால் அது இன்ஜினில் இடிக்கும். சைக்கிளும் மொபெட்டும்தான் அவரிடம் வரும். அக்கா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது கரெக்டுங்க. ஆனா அந்தப் பக்கத்த பிரிக்கற டூல் எங்கிட்ட இல்ல. நான் போயி சொன்னா உங்கப்பா நம்பவும் மாட்டாரு" என்றார்.

அக்காவை ஒருவர் 'நீங்க' என்று சொன்னதை அன்றுதான் நான் கேட்டேன். அவளும் அன்றுதான் கேட்டிருப்பாள்.

சீலை மாற்ற முடியாது. ஆனால் எண்ணெயை வற்றவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். கடையில் தகர டின்களின் அடியில் மீந்த கியர் ஆயிலை அவர் ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்துக் கொடுப்பார். வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, அப்பா டீக்கடைக்குப் போனதும் அக்கா அதை ஊற்றுவாள். தினமும் பிளக்கைக் கழுவித் தேய்த்துப் போடுவாள். வண்டி வழியில் நிற்பது அடியோடு நின்றது. அப்பா பெரிய தெருவில் நிற்காமல் போய் வந்தார். பெரிய மெக்கானிக் சொன்னபடி எண்ணெயைக் குறைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் என் காலை மிதித்தாள்.

எண்ணெய் விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் கடையிலிருந்து திரும்பும்போது பாட்டிலை நான் தூக்கி வருகிறேன் என்று அடம்பிடித்து வாங்கினேன். வழியில் சாயப்பட்டறை வாய்க்காலைத் தாண்டும்போது கைநழுவியது. அன்று சிவப்புச் சாயம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில் கல்லில் பட்டு உடைந்து, எண்ணெய் சிவப்புத் தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக மிதந்து போனது. அக்கா என்னை அடிக்கவில்லை. "தண்டம்" என்றாள். அதோடு விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். நான் அழுதுகொண்டே பின்னால் வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அன்று பார்த்துத்தானா அம்மா கேட்க வேண்டும்? தண்ணீர்க் குழாயடியில் யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள், உன் பெரிய பெண் மெக்கானிக் கடையில் நிற்கிறாள் என்று. அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

தினமும் போகிறாளா என்று கேட்டாள். அடிக்கடி போவாள் என்றேன். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாள். எனக்குப் புரியாது என்றேன். அது உண்மை. சிரித்துச் சிரித்துப் பேசுகிறாளா என்று கேட்டாள். சிரிப்பாள் என்றேன். அதுவும் உண்மைதான். பிறகு அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"கையப் புடிச்சானா?"

"இல்ல. கையில குடுத்தாரு."

"இன்னா குடுத்தான்?"

எண்ணெய் என்று சொல்லியிருக்கலாம். சத்தியம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. உண்மையாக இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு விழுங்கிவிட்டேன். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. 'தண்டம்' என்றவள் திட்டு வாங்கட்டும் என்று எனக்குள் ஒரு மூலையில் இருந்தது.

அம்மா வீட்டைத் துழாவினாள். டப்பா அகப்பட்டது. நாள்காட்டித் தாளில் சுற்றிய பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் தேதியும் பென்சில் எழுத்தும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, கறுத்த பிளக் ஒன்றைப் பார்த்து, அந்த ஆள் கொடுத்ததையெல்லாம் இவள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார். தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. அம்மா டப்பாவோடு கொண்டுபோய்ச் சாய வாய்க்காலில் கொட்டினாள்.

அப்பா அக்காவை அடிக்கவில்லை. எங்களை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஆபீசில் விசாரிப்பதுபோலக் கேட்டார். "எதுக்குப் போன?"

"வண்டிக்காகத்தாம்பா. கியர் பாக்ஸ்ல எண்ணெ கொறயுது. நான்தான் ஊத்திகினு இருக்கறேன். சீல் போயிருக்குது, பிரிச்சிப் பாருங்க."

"வண்டி நல்லா ஓடிகினு இருக்குது" என்றார் அப்பா.

வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதற்காகச் செய்ததெல்லாம் அவளுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. வயசுப் பெண் ஒரு ஆணைத் தேடிப் போவாள் என்பதை அப்பாவால் நம்ப முடிந்தது. ஒரு ரப்பர் வளையத்துக்காகப் போவாள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்து, நீ சொல்லேன் என்றாள். நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் அம்மாவின் தம்பிகள் இரண்டு பேரும் புளியமரத்துக் கடைக்குப் போனார்கள். மாலையில் வந்தபோது அடித்தீர்களா என்று அப்பா கேட்டார். இல்லை மாமா, எடுத்துச் சொன்னோம் என்றார்கள். அப்பா தலையாட்டினார். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன். ஓலைச் சாய்ப்பு சரிந்து கிடந்தது. ஸ்பேனர்கள் வாய்க்காலில் கிடந்தன, அன்று ஓடிய பச்சைச் சாயத்துக்குள் அங்கங்கே மின்னிக்கொண்டு. அவர் முட்டிவரை இறங்கி நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் வைத்துக்கொண்டிருந்தார். உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் ஓடிவிட்டேன். அந்த வாரமே அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு தெருவில் தன்னை இறங்கி நடக்கச் சொன்னவர்களை ஆயுள் முழுக்க மன்னிக்காத மனிதர் எங்கள் அப்பா. அவர்தான் அன்று தலையாட்டினார்.

ஆடி முடிந்து ஆவணி முதல் முகூர்த்தத்தில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், போளூரில் ரைஸ் மில்லில் வேலை, அக்காவைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். விண்ணப்பம் பீரோவிலேயே கிடந்தது. எனக்கு ஆரணிப் பட்டில் பாவாடை எடுத்தார்கள், மாம்பழ மஞ்சளில் கத்தரிப்பூ நிறக் கரை. நான் அதைப் போட்டுக்கொண்டு மண்டபம் முழுக்கச் சுற்றினேன். அக்கா புறப்படும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். என் காதருகே, விறகுக்குப் பின்னால் பழைய பாட்டிலில் மிச்ச எண்ணெய் கொஞ்சம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஊற்று என்றாள்.

இரண்டு வெள்ளிக்கிழமை ஊற்றினேன். பயந்து பயந்து, பாதியைத் தரையில் சிந்தி ஊற்றினேன். பாட்டில் தீர்ந்தது. மேற்கொண்டு வாங்க எங்கே போவேன்? பிளக்கைக் கழற்ற என் கைக்குப் பலம் போதாது. புரட்டாசியில் வண்டி மறுபடி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. புது பிளக் எல்லாம் போலியாக வருகிறது என்று அப்பா அலுத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அப்பாவைக் கையில் மூங்கில் பத்தை கட்டி பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். நடந்ததை அவர் ஒருபோதும் எங்களிடம் சொன்னதில்லை. கூட வந்த ஆபீஸ் உதவியாளர்தான் அம்மாவிடம் சொன்னார். பெரிய தெருவில் போகும்போது வண்டியின் பின்சக்கரம் அப்படியே இறுகி, சேற்றில் சறுக்கி, பெரிய வீட்டு வாசலுக்கு நேரே விழுந்திருக்கிறார். வாசலில் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். காலனியிலிருந்து ஆட்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கும்வரை அப்பா சேற்றில் கிடந்திருக்கிறார். அப்போது வாசலிலிருந்து ஒருவர் சொன்னாராம், "தள்ளிகினு போயிருந்தா இந்த பேஜாரு உண்டா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். கட்டுப்போட்ட கையோடு அப்பா போனார். பை தூக்க நான் கூடப் போனேன். பக்கத்து மூடியைக் கழற்றியதும் அந்த ஆள் விசில் அடித்தார். உள்ளே எண்ணெய் என்று ஒரு பொட்டுகூட இல்லை. கியர்ப் பற்கள் நீலம் பாரித்து நொறுங்கியிருந்தன. அவர் ஒரு திருப்புளியால் நெம்பி, வளையல் மாதிரி ஒரு சின்ன ரப்பர் வளையத்தை எடுத்து அப்பாவின் நல்ல கையில் வைத்தார். கல்லாக இறுகி, உள் ஓரம் கிழிந்து போயிருந்தது.

"சீல் போயி மாசக்கணக்குல ஆவுது சார். இதுல இவ்ளோ நாள் ஓடினதே அதிசயம். யாரோ எண்ணெ ஊத்திகினே இருந்திருக்கணும்" என்றார்.

அப்பா அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, எனக்குக் கால் வலித்தது. பிறகு அதை அங்கிருந்த மேசைமேல் வைத்துவிட்டு, இருக்கிற நிலையிலேயே வண்டியை யாருக்காவது தள்ளிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். வரும் வழியில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவரிடம் பேசவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

பத்து நாளில் தீபாவளி. தலை தீபாவளிக்கு அக்காவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கூடத்தில் மாப்பிள்ளைக்கும் மாமாக்களுக்கும் அப்பாவுக்கும் இலை போட்டிருந்தது. அக்கா அப்பாவின் கட்டைப் பார்த்தாள். வண்டி நிற்கும் இடத்தில் தரையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள்.

"இன்னாப்பா ஆச்சி வண்டிக்கு?"

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே, "செயின் அறுந்துடுச்சி" என்றார்.

"கியர் பாக்ஸு?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருந்தது."

அக்கா மறுபடி அந்தக் கறையைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளைக்கு வடை வைக்க உள்ளே போனாள். நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அந்த மஞ்சள் பாவாடையோடு. அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்த எல்லோரும் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டி வந்திருக்கும். மாப்பிள்ளை வடைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா பிறகு வண்டியே வாங்கவில்லை. பஸ்ஸில் போய் இறங்கி, ஓய்வு பெறும்வரை அந்தத் தெருவில் நடந்தே போனார். என்னை மட்டும் படிக்க வைத்தார். டீச்சர் டிரெயினிங் முடித்து, வேலைக்குப் போய், இதோ ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். நான் கேட்டதற்கெல்லாம் அவர் சரி என்றார். யாருக்குச் சேர வேண்டிய 'சரி' அது என்று தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன். சாகும்போதும் அவர் அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை.

போளூரில் அக்காவின் கணவருக்கு அவசரக் கல்யாணத்தின் காரணம் எப்படியோ இரண்டாம் வருஷமே தெரிந்துவிட்டது. அவர் குடித்ததில்லை, அடித்ததில்லை. சோற்றில் உப்புக் குறைந்தால் "மெக்கானிக்" என்பார். அவள் வாசலில் நின்றால், யாரோடாவது பேசினால், காய்ச்சலில் படுத்தால், "இன்னா மெக்கானிக்?" என்பார். பிள்ளைகள் அது அம்மாவுக்கு வைத்த செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் அப்படிக் கூப்பிட்டுவிட்டு, போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் ஆரணியிலிருந்து அவளைப் பார்க்கப் போனேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய பெரிய பையன் வாசலில் தன் வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். போய்ப் பாரேன் என்றேன் விளையாட்டாக. அவள் சிரித்தாள். முன்பற்கள் இரண்டு இல்லை.

"எனக்கின்னா தெரியும்? அந்தக் காலத்துல பெரிய இவளாட்டம் சீலு கீலுன்னு ஒளறிகினு கெடந்தேன். கடைசில பாத்தா செயினு. ஒண்ணுமில்லாததுக்கு அந்த அண்ணன் கடைய வேற தொலச்சேன். அவர் பாவம் என்ன சும்மாவா விடும்?" என்றாள்.

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். பலமுறை தனக்குத்தானே சொல்லித் தேய்ந்துபோன பேச்சு என்பது கேட்டதும் தெரிந்தது. இத்தனை வருஷமும் தன் கணக்குத் தப்பு என்றே நம்பி, அதற்கு இதெல்லாம் தண்டனை என்று எடுத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். சமையலறைக் கதவைச் சாத்தி அம்மா கேட்டது, நான் சொன்னது, சொல்லாமல் விட்டது. பெரிய மெக்கானிக் எடுத்துக் கொடுத்த வளையம், அப்பா அதைக் கையில் வைத்திருந்தது, யாரோ ஊற்றியிருக்க வேண்டும் என்று அந்த ஆள் சொன்னது. நீ சொன்னதுதான் சரி அக்கா என்றேன். செயின் அறுபடவே இல்லை என்றேன்.

அவள் முகம் மலரும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன் போல. இல்லாவிட்டால் ஏன் அவ்வளவு ஆவலாகச் சொன்னேன்? அவள் முகத்தில் ஒன்றும் வரவில்லை. கட்டில் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெளியே வண்டி ஒருவழியாக ஸ்டார்ட் ஆகிப் புறப்பட்டுப் போனது.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிதான் செயின்னு சொன்னாரா?"

"ஆமா."

"நீயும் அப்ப கூடத்துலதான இருந்த?"

"இருந்தேன்."

அவள் தலையாட்டினாள். எழுந்து என் பையை எடுத்து, கொடுத்தனுப்ப வைத்திருந்த முருங்கைக்காயைச் செய்தித்தாளில் சுற்றி அதில் வைத்தாள். பையை என் மடிமேல் வைத்தாள்.

"நேரமாச்சி. பஸ்ஸுக்குக் கெளம்பு" என்றாள்.

மணி அப்போது மூன்றுகூட ஆகவில்லை. போளூரிலிருந்து ஆரணிக்கு இரவு வரைக்கும் பஸ் இருக்கிறது.